ஓர் எழுத்துக் குறைந்த குதிரை

மனிதன் தன் அறியாமையை வீட்டுக்குள் வைத்திருக்கும் வரை அதனால் எவருக்கும் தொல்லை இல்லை. அதைப் பொது இடத்துக்குக் கொண்டு செல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலோர் அதை வாயில் வைத்துக் கொண்டு செல்கிறார்கள். நிலைமை மோசமானால் விழுங்கிவிடலாம். நான் என் அறியாமையை ஒரு பொய்க்கால் குதிரையின் மீது ஏற்றி, நையாண்டி மேளம் முழங்க, காரைக்கால் நகரின் பிரமுகர்கள் அனைவரும் கூடியிருந்த மண்டபத்துக்குள் கொண்டு சென்றவன். அதை விழுங்க இயலவில்லை. குதிரை பெரிது.

இதை மன்னிப்புக் கோரி எழுதவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். (என் மனைவி, "இத்தன வருசம் ஆச்சு, ஒரு வரி மன்னிப்பு எழுதிட்டா கொறஞ்சா போயிடுவீங்க" என்கிறாள். குறைந்து போவேன்.) ஒரு சொல்லை நான் தவறாகப் படித்தேன், அதற்காக நாணுகிறேன். அந்தச் சொல்லை முன்னிட்டு நான் கேட்ட கேள்வி தவறானதன்று, அதற்காக நாணமாட்டேன்.

ஐம்பதுகளின் முற்பகுதி அது. பிரெஞ்சுக் கொடி எங்கள் ஊரை விட்டு இறங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில்; நான் சொல்லவரும் நிகழ்ச்சி அதற்கு முந்தைய தை மாதத்தில் நடந்தது. எனக்கு வயது இருபத்து மூன்று. செய்யது மரைக்காயரின் அச்சகத்தில் அச்சுக்கோக்கும் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். அதன் பிறகு நான் கற்றதெல்லாம் அச்சகத்தில் கற்றதே. கல்யாணப் பத்திரிகை கோத்து மங்கலச் சொற்களையும், கருமாதிப் பத்திரிகை கோத்து மற்றச் சொற்களையும், வழக்கறிஞர்களின் அறிவிப்புகளைக் கோத்து ‘மேற்படி’, ‘அன்னார்’, ‘ஆகவே’ என்பனவற்றையும் தேடிக்கொண்டேன். இன்றும் என் உரைநடையில் எங்கேனும் நீதிமன்ற வாடை வீசினால் வாசகர் பொறுத்தருள்க. ஈய எழுத்துகளை இடம் வலம் மாற்றி அடுக்குவது எங்கள் தொழில். எதையும் திருப்பிப் போட்டே படித்துப் பழகிய ஒருவன், நேராக எழுதியிருந்த ஒன்றைக் கண்டு இடறி விழுந்ததில் பெரிய வியப்பு இல்லை.

பிரெஞ்சும் நானாகவே கற்றேன். பழைய சாமான் கடை ஒன்றில் பிரெஞ்சு–தமிழ் அகராதி கிடைத்தது. நான் அதைப் படிக்கத் தொடங்குமுன்பே கரையான் அதில் இரண்டு எழுத்துகளை முழுமையாகக் கற்றுத் தேர்ந்திருந்தது. விட்ட இடத்தை நிரப்ப, நாகப்பட்டினத்திலிருந்து வரவழைத்த ஆங்கில பாலபாடம் ஒன்று இருந்தது. இரண்டும் ஒரே எழுத்துகள்தாமே, ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

முதலாளி மரைக்காயரோ சைகோனில் பன்னிரண்டு ஆண்டு வாணிபம் செய்து திரும்பியவர். பிரெஞ்சு அவர் வாயில் வெற்றிலைச் சாறு போல் ஊறும். தெரியாததைக் கேள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். நான்தான் ஒரு நாள், "முக்கால்வாசி வந்துடுச்சு முதலாளி" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பின் மீதிக் கால்வாசியை அவரிடம் கேட்பதற்கு என் மதிப்பு இடம் கொடுக்கவில்லை.

இனி நகரின் இசைச் சபைக்கு வருகிறேன். ஆண்டுதோறும் தை மாதத்தில் சபை ஒரு கலைஞருக்குப் பதக்கம் வழங்கும். மூன்று பெயர்களை முன்மொழிந்து அறிக்கை வெளியிடுவார்கள். விழா நாளில் மூவரில் ஒருவருக்குப் பதக்கம் சூட்டுவார்கள். அவர் மேடையில் அமர்ந்து மூன்று மணி நேரம் கச்சேரி செய்வார். அந்த மூன்று பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எவருக்கும் தெரியாது. சபைத் தலைவர் ஒரு நொத்தேர். (பத்திரங்களுக்கு முத்திரையிடும் பதவிக்கு எங்கள் ஊரில் அதுவே பெயர்.) அவர் வீட்டு மாடியறையில் ஐவர் கூடுவார்கள், கதவு சாத்தப்படும், காப்பி உள்ளே போகும், பெயர்கள் வெளியே வரும். காப்பிக்கும் பெயர்களுக்கும் இடையில் நிகழ்ந்தது என்ன என்று அறிய நான் சபைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்கு, ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, ‘தங்கள் இரண்டாம் கடிதமும் கிடைக்கப் பெற்றோம்’ என்று வந்தது. மூன்றாவது கிடைக்கவில்லை போலும்.

எனக்கு இதில் இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் சுரக்குடி தங்கவேலு. நாகசுரக்காரர், ஐம்பத்தைந்து வயது, தூண் போன்ற உடல், பூனை போன்ற குரல். கல்யாணப் பத்திரிகைகளின் அடியில் ‘மேளக் கச்சேரி: சுரக்குடி தங்கவேலு குழுவினர்’ என்று வரும். தம் பெயரில் கொம்பு, கால் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்று அச்சகத்துக்கு நேரில் வந்து சரிபார்ப்பார். இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சபை விழாவில் மங்கல இசை அவருடையதுதான். மங்கல இசை என்றால் மண்டப வாசலில் நின்று வாசிப்பது. மக்கள் செருப்பைக் கழற்றுவார்கள், இடம் தேடுவார்கள், மைத்துனரைப் பார்த்துக் கையசைப்பார்கள். அதுவரை இவர் வாசிப்பார். மண்டபம் நிறைந்ததும் கருவியை உறையில் இட்டுக்கொண்டு சுரக்குடிக்கு நடப்பார். மேடைக்குப் போகும் வழி பதக்கம் ஒன்றுதான். பதக்கத்துக்குப் போகும் வழி அந்த மூன்று பெயர்கள். அவற்றில் நாகசுரக்காரர் பெயர் ஒரு முறையும் வந்ததில்லை.

ஒரு நாள் புரூப் பார்க்க வந்தவர் என்னிடம் சொன்னார்: "உக்காந்து ஒரு தோடி வாசிச்சுப் பாக்கணும் தம்பி. நின்னுக்கிட்டே வாசிச்சா பாதி ராகத்த முழங்காலு எடுத்துக்குது."

அவ்வளவுதான் அவர் கேட்டது. பதக்கம் வேண்டும் என்றோ, பெயர் வேண்டும் என்றோ சொல்லவில்லை. நான் அன்றே அவர் பெயரை முன்மொழிந்து விண்ணப்பம் எழுதி, நாற்பது பேரிடம் கையொப்பம் பெற்றுச் சபைக்கு அனுப்பினேன். (அவர்களில் இருவர் அதைத் தெருவிளக்கு விண்ணப்பம் என்று எண்ணிக் கையெழுத்திட்டதாகப் பின்னர் தெரியவந்தது.)

விழாவுக்கு நான்கு நாள் முன்னதாக அறிக்கையின் கையெழுத்துப் படி அச்சகத்துக்கு வந்தது. துரைமார் பார்வைக்கும் போகவேண்டும் என்பதால் அறிக்கை எப்போதும் பிரெஞ்சில்தான் இருக்கும். ஊரில் முக்காற்பங்கு மக்களுக்கு அதைப் படிக்க முடியாது என்பது சபைக்கு ஒரு வசதி. நான் எழுத்து அடுக்கும் சட்டமான ஸ்டிக்கைக் கையில் பிடித்து எழுத்து எழுத்தாகக் கோத்தேன். மூன்று பெயர்கள். அவற்றின் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நான்காவதாக, தங்கவேலுவின் பெயர். பெயருக்கு எதிரே இரண்டு சொற்கள் இருந்தன.

முதற்சொல் ஹெச், ஓ, ஆர், எஸ். அகராதியைப் புரட்டினேன். அந்த எழுத்துத்தான் கரையான் தேர்ச்சி பெற்ற எழுத்துகளில் ஒன்று. பாலபாடத்தைத் திறந்தேன். அங்கே பக்கம் முழுதும் ஒரு குதிரை நின்றது. கடைசியில் ஓர் எழுத்து மட்டும் குறைந்தது. சபைச் செயலாளர் அவசரத்தில் விட்டிருப்பார் என்று தீர்மானித்தேன். (பிறர் பிழையைக் கண்டுபிடிப்பதில் அச்சுக்கோப்பவனுக்கு உள்ள மகிழ்ச்சியை மற்றவர் அறியார்.) இரண்டாம் சொல் அகராதியில் இருந்தது: ‘கூட்டம், போட்டி.’

குதிரைப் போட்டி.

எல்லாம் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கோயிலிலும் கல்யாணத்திலும் இராகம் விரித்து வாசிப்பது பெரிய மேளம். பொய்க்கால் குதிரை ஆட்டத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். தங்கவேலுவைச் சங்கீதப் பட்டியலில் சேர்க்க மனமில்லாத ஐவரும், நாற்பது கையொப்பத்தையும் தட்ட முடியாமல், அவரைக் குதிரை ஆட்டக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். கோட்டுக்குக் கீழே போட்டது அதனால்தான். பிரெஞ்சில் எழுதியது அதை மறைக்கத்தான். ஒரு பிழையான சொல்லின் மீது இவ்வளவு உறுதியான மாளிகையைக் கட்டியவன் அந்தக் காலத்துக் காரைக்காலில் வேறு எவனும் இருந்திருக்கமாட்டான்.

முதலாளி புரூப்பைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திராது. கேட்கவில்லை. அவரும் சபைப் பக்கம்தான் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பூவத்துக்கு நடந்தேன். அங்கே கோவிந்தன் என்பவர் பொய்க்கால் குதிரை கட்டி ஆடுபவர். அவருடைய ஆட்டத்துக்கு நான் முன்பொரு முறை துண்டறிக்கை அடித்துக் கொடுத்திருந்தேன். வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "நியாயத்துக்கு" என்று விடையளித்தேன். அவர் சற்று யோசித்து, நியாயத்துக்கு எந்த ஆட்டம், ஒத்தக் குதிரையா, ராசா ராணி ரெட்டைக் குதிரையா என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன்.

அச்சகத்தில் இருந்த மர எழுத்துகளில் மிகப் பெரியவற்றை எடுத்து, ஒரு முழத் தாளில் இப்படி அடித்தேன்: ‘குதிரை இதோ. பதக்கம் எங்கே?’ அன்று அது எனக்கு உலகின் மிகச் சிறந்த வாசகமாகத் தோன்றியது.

விழா நாள் மாலை ஐந்து மணி. கடைத்தெரு முனையில் எங்கள் ஊர்வலம் புறப்பட்டது: முன்னே தாளைக் குச்சியில் கட்டி உயர்த்திப் பிடித்த நான், பின்னே நையாண்டி மேளம், அதன் பின்னே மஞ்சள் சிவப்புக் காகிதப் பூக்கள் சூடிய குதிரை. அந்த நாட்களில் தெருவில் நான்கு பேர் சேர்ந்து நடந்தாலே அது இந்தியாவோடு இணைவதற்கான கிளர்ச்சியோ, எதிர்க் கிளர்ச்சியோ என்று போலீசார் நடுங்குவார்கள். முனையில் நின்ற போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார்.

"குதிரை எந்தப் பக்கம்?"

"சங்கீதத்தின் பக்கம்" என்றேன்.

அவர் வைத்திருந்த உத்தரவில் சங்கீதம் இல்லை. வழிவிட்டார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்காக இத்தனையும் செய்தேனோ, அந்தத் தங்கவேலுவிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு இன்ப அதிர்ச்சி அளிக்கப் போவதாக எண்ணியிருந்தேன். அதிர்ச்சி அளித்தேன்.

மண்டப வாசலில் அவர் வழக்கம்போல் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். தோடியை அப்போதுதான் தொடங்கி, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தார். நாங்கள் தெருத் திரும்பினோம். இரண்டு நையாண்டித் தவிலும் ஒரு பம்பையும் சேர்ந்து எழுப்பிய ஓசையில் அந்தத் தோடி, வண்டிச் சக்கரத்தின் கீழ் அகப்பட்ட வெண்டைக்காய் போல் ஆயிற்று. அவருடைய தவில்காரர் கையை எடுத்துவிட்டார். தங்கவேலு நாகசுரத்தைத் தாழ்த்தினார். இருபத்து நான்கு ஆண்டுகளில் வாசலில் அவருடைய வாசிப்பை எவரும் கேட்டதில்லை. ஆனால் எவரும் நிறுத்தியதும் இல்லை. அந்தப் பெருமை எனக்கே உரியது.

"யாரு வீட்டுக் கல்யாணம் தம்பி இது?" என்றார்.

நான் விடை சொல்ல முனைவதற்குள் கூட்டம் குதிரைக்கு வழிவிட்டது, கோவிந்தனும் ஆட்டக்காரர், வழி கிடைத்தால் உள்ளே போகாமல் இருப்பாரா? வாசல் வாழைமரத்தில் வால் சிக்கி, வாழைமரம் பாதி தூரம் கூடவே வந்தது. மண்டபத்தின் நடுவே குதிரை ஒரு சுற்றுச் சுற்றி, முன்பக்கத்தைத் தூக்கி, முதல் வரிசையில் அமர்ந்திருந்த பிரெஞ்சுத் துரைக்கு வணக்கம் தெரிவித்தது. துரை அதை விழாவின் ஒரு பகுதி என்று கொண்டார். எழுந்து நின்று கைதட்டி, "த்ரே பியேன், த்ரே பியேன்" என்று பாராட்டினார். துரை கைதட்டினால் நொத்தேர் ஐயா சும்மா இருக்க முடியுமா? கைக்கு எட்டிய தூரத்தில் பதக்கக் கலைஞருக்காக வைத்திருந்த ரோஜா மாலை இருந்தது. அதை எடுத்துக் குதிரையின் கழுத்தில் சூட்டினார். அந்த ஆண்டு சபையின் மாலையைப் பெற்ற முதல் கலைஞர் குதிரைதான். எவர் முன்மொழிந்தார் என்பது இன்றுவரை தெரியாது.

மேளம் அடங்கிய அந்தக் கணத்தில் நான் மேடையேறினேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த உரை அது. "அவையோரே," என்று தொடங்கினேன். "மேற்படி சபையானது, அன்னாரை, அதாவது சுரக்குடி தங்கவேலு அவர்களை, ஒரு குதிரை எனத் தன் அறிக்கையில் குறிப்பிட்டுள்ளது." மண்டபம் அமைதியாயிற்று. என் சொற்களின் வலிமை என்று எண்ணினேன். "ஆகவே குதிரையை நேரில் கொண்டுவந்துள்ளோம்" என்று முடித்து, தாளை உயர்த்தினேன்.

மூன்றாம் வரிசையில் மரைக்காயர் எழுந்தார். விழா அறிக்கை அடித்தவர் என்ற முறையில் அவருக்கு அழைப்பு உண்டு. அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கலியபெருமாளு, அது ஹார்ஸ் இல்லப்பா. ஹெச்ச சத்தம் போட்டுச் சொல்லக்கூடாது, கடைசி எஸ்சும் ஊமை. ‘ஓர்’. ஓர் கொங்கூர். போட்டிக்கெல்லாம் மேலானவரு, இவர மத்தவங்களோட வச்சுப் பாக்கக்கூடாதுன்னு அர்த்தம். மரியாதையாத்தான் எழுதிருக்காங்க."

பிறகு, தாங்கமாட்டாமல், ஒன்று சேர்த்தார்: "முக்கால்வாசி வந்துடுச்சுன்னியேப்பா."

நான் வாழ்வில் பல சிரிப்புகளைக் கேட்டிருக்கிறேன். நானூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். பெண்கள் பகுதியிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் மற்றவை ஓய்ந்த பின்னும் தனியே ஓடிக்கொண்டிருந்தது. (அதற்கு உரியவளைப் பின்னர் மணந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில், "இவரு குதிரைக்காரர்ல" என்று அவள் தன் தாயிடம் கேட்டதே எங்கள் முதல் உரையாடல்.) துரை ஒன்றும் புரியாமல் மீண்டும் கைதட்டினார். நான் உயர்த்திய தாளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், அதைக் கொண்டே முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆகவே ‘பதக்கம் எங்கே?’ என்ற கேள்வி என் முகத்தின் இடத்தில் நின்றது.

குதிரைக்குள்ளிருந்து கோவிந்தன் கேட்டார்: "அப்ப குதிரை வேணாங்களா?"

நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் நகரவில்லை. "குதிரைன்னு சொன்னா அவமானம்னு சொல்லவாங்க எங்களக் கூட்டியாந்தீங்க?"

நியாயம் கேட்கப் புறப்பட்டவன், அந்த நியாயத்தைச் சுமந்து வர இன்னொரு கலைஞரைக் கேலிப் பொருளாகக் கொண்டு வந்திருந்தான். மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒன்றுக்காகவே நான் நாணுகிறேன்.

நொத்தேர் ஐயா பெருந்தன்மையோடு கையசைத்து, நடந்தது நடந்தது, விழாவைத் தொடரலாம் என்றார். என்னைக் கீழே இறக்க இருவர் வந்தார்கள். அப்போதுதான் தங்கவேலு வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தார். கையில் நாகசுரம். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்த மண்டபத்தின் நடுப்பகுதிக்கு அவர் வந்தது அதுவே முதல் முறை. நேரே மரைக்காயரிடம் போனார்.

"அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லுங்க மரைக்காயரே."

"ஓர் கொங்கூர்."

"மேலானவருன்னா சொன்னீங்க?"

"வழக்கத்துல அப்படித்தான் அர்த்தம்." மரைக்காயர் சற்றுத் தயங்கினார். அவர் அச்சகக்காரர்; எழுத்துக்கு எழுத்து உண்மை பேசுபவர். "சொல்லுக்குச் சொல் பாத்தா, ‘போட்டிக்கு வெளியே’ன்னு வரும்."

தங்கவேலு தலையாட்டினார். பிறகு நொத்தேர் ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டு, அந்தப் பூனைக் குரலில் சொன்னார்: "ரொம்ப மரியாதைங்க. ஆனா மேலயும் உக்கார வைக்கல, போட்டியிலயும் சேக்கல. இருபத்தி நாலு வருசமா வெளியதானே நிக்கிறேன். அதுக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

நொத்தேர் ஐயா, இவரோடு மற்றவர்களை ஒப்பிடுவது இவருக்குச் சிறுமை என்று சபை கருதியதாக விளக்கத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. முகத்திலிருந்து தாளை இறக்கினேன். எந்த விதியின்படி என்று கேட்டேன். எழுதிய விதி ஒன்றும் கிடையாது, வழக்கம் என்றார். மேலே உள்ள மூன்று பெயர்களை முன்மொழிந்தவர்கள் யார் என்று கேட்டேன். அது உள் விவகாரம் என்றார். உள் விவகாரம் என்றால் வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஐந்து நிமிடத்துக்கு முன் ஊரே சிரித்த ஒருவன் கேட்கிறான் என்பதால் எனக்கு விடையளிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் நானூறு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அவர்களை விழிக்க வைத்திருந்தது. வேறு எதற்கும் விழிக்காத சபை அது.

"எனக்குப் பதக்கம் வேணாங்க" என்றார் தங்கவேலு. "உள்ள வர்றதுக்கு வழி எதுன்னு எழுதி ஒட்டிடுங்க. நடந்து வந்துக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "தோடி பாதியில நிக்குது தம்பி" என்றார். கூப்பிடாத இடத்தில் உட்கார அவர் விரும்பவில்லை. வந்த வழியே நடந்து வாசலுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

அதற்குப் பின் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன், இல்லையென்றால் நம்பமாட்டேன். கடைசி வரிசையில் யாரோ ஒருவர் நாற்காலியை வாசற்பக்கம் திருப்பிப் போட்டார். அடுத்தவர் திருப்பினார். வரிசை வரிசையாக நாற்காலிக் கால்கள் கல் தரையில் கீச்சிட்டன. சிறிது நேரத்தில் மண்டபம் முழுதும் மேடைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தது. முதல் வரிசை கடைசி வரிசையாயிற்று. துரை தம் நாற்காலியைத் தாமே திருப்பிக்கொண்டார். மேடையில் நொத்தேர் ஐயாவும் நானும் மட்டும் நானூறு பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

மறுநாள் அச்சகத்தில் என் வேலை போயிருக்கும் என்று எண்ணிச் சென்றேன். அச்சுக்கு வந்த அறிக்கையைக் கொண்டு சபைக்கு எதிராகவே ஊர்வலம் நடத்தியது அச்சகத் தொழிலுக்கே துரோகம். அதை நான் மறுக்கவில்லை. மரைக்காயர் என்னை ஏறிட்டும் பாராமல், தம்முடைய பிரெஞ்சு அகராதியை, கரையான் தீண்டாத முழு அகராதியை, என் எழுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதைவிடக் கடுமையான தண்டனையை நான் அனுபவித்ததில்லை.

அடுத்த தை மாதத்தில் சபை விதிகளைத் தமிழில் எழுதி மண்டபத்தின் வெளிச்சுவரில் ஒட்டியது. எவரும் முன்மொழியலாம், முன்மொழிந்தவர் பெயர் வெளியிடப்படும், முன்மொழியப்பட்ட ஒவ்வொருவரும் மேடையில் அமர்ந்து அரை மணி நேரம் வாசிக்க வேண்டும், அதன் பிறகே வாக்கு, வாக்களித்த ஐவரும் காரணத்தைக் கையெழுத்திட்டு எழுத வேண்டும். கொடி மாறியதால் இது தானாகவே வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கொடி மாறியது ஐப்பசியில். குதிரை வந்தது அதற்கு முந்தைய தையில். எது முன்னால் நடந்தது என்று வாசகரே பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த அறிக்கையையும் நானே கோத்தேன். நான்கு பெயர்களும் கோட்டுக்கு மேலே இருந்தன. தங்கவேலு மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து தோடி வாசித்தார். அதை வருணிக்க எனக்குத் தகுதி இல்லை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், ஒரே வாக்கில், ஒரு வீணைக்காரரிடம் தோற்றார். எதிராக விழுந்த மூன்றாம் வாக்கு யாருடையது என்று சுவரில் ஒட்டிய தாளில் பார்த்தேன். குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த செய்யது மரைக்காயருடையது. காரணம்: ‘தோடி ஈடற்றது. எனினும் அரை மணி என்ற விதிக்கு மாறாக ஒன்றே கால் மணி வாசித்தார்.’

நான் கொதித்தேன். ஆனால் கொதிப்பதற்குப் பிடி இல்லை. எல்லாம் எழுதியிருந்தது, எழுதியது தமிழில் இருந்தது, தமிழ் எனக்கு முழுவதும் தெரியும். தங்கவேலுவிடம் போய், மேல்முறையீடு எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"மணி பாத்துக்கிட்டேதான் தம்பி வாசிச்சேன். இருபத்தி நாலு வருசத்த அரை மணிக்குள்ள எப்படி அடக்குறது? போவட்டும். தோத்தாலும் உள்ள உக்காந்து தோத்தேன்."

மரைக்காயரும் தங்கவேலுவும் இன்று இல்லை. குதிரையும் சொல்லும் என் வீட்டில் தங்கிவிட்டன. பந்தியில் யாரையேனும், "நீங்க பெரியவரு, அப்புறம் நிதானமா சாப்புடுங்க" என்று உட்காரவிடாமல் செய்தால், என் பிள்ளைகள் அதை ஓர் கொங்கூர் என்பார்கள். மூத்த மருமகளைப் புகழ்ந்துகொண்டே எல்லா வேலையையும் அவள் தலையில் கட்டினால் அதுவும் ஓர் கொங்கூர். பிரெஞ்சுக்காரருக்கே தெரியாத பொருள்கள் அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் உண்டு.

சென்ற மாதம் பேத்தியின் கல்யாணத்துக்கு எந்த மேளம் வைப்பது என்று கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். எனக்கும் ஒரு கருத்து உண்டு என்றேன். என் மகன் மிகுந்த பணிவோடு, "அப்பா, நீங்க எங்க எல்லாருக்கும் மேல. உங்களப் போயி இந்தச் சின்ன விசயத்துல இழுப்போமா" என்றான்.

உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. அதே சிரிப்பு, மற்றவை ஓய்ந்த பின்னும் தனியே ஓடும் சிரிப்பு.

நான் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.